துண்டு மடிக்கத் தெரியாத மேதை

மாப்ளே, உன்ற படிப்புக்கு முன்னால நான் வாயைத் தொறக்கறதே எச்சு. ஆயுசு பூரா தறிக்குழியில காலைத் தொங்க உட்டுக்கிட்டு நாடா ஓட்டுனவன் நானு. நீயோ மிசினுக்குக் கை செஞ்சு, அந்தக் கைக்குத் தொட்டா தெரியற உணர்ச்சியும் குடுக்கப் போறவன். ஆனாலும் மாமன்னு ஒரு மொறை இருக்குதல்லோ? மாப்பிள்ளையைக் கேலி பண்றது எங்க பாத்தியதை. அதுல புத்தியும் கெடக்கும், குத்தலும் கெடக்கும். எது எதுன்னு நீயே பிரிச்சு எடுத்துக்கோ.

மொதல்ல ஒரு சந்தேகம். 1997-ல நியூயார்க்குல டீப் புளூன்னு ஒரு மிசினு, செஸ் ஆட்டத்துல உலகத்துக்கே ராசாவா இருந்த காஸ்பரோவைத் தோக்கடிச்சுதாமே. ஆனா படத்தைப் பாத்தா, காஸ்பரோவுக்கு எதிர்ல மிசினைக் காணோம். அதை உண்டாக்குன எஞ்சினியருங்கள்ல ஒருத்தரு உக்காந்து காய் நகத்திக்கிட்டு இருக்காரு. மிசினு குதிரையை அங்கெ வைங்குது, இவரு எடுத்து வைக்கறாரு. 2016-ல சியோல்ல ஆல்ஃபாகோங்கற மிசினு கோ ஆட்டத்துல லீ சிடோலை ஜெயிச்சப்பவும் அதே கூத்துதான். ரோசனை மிசினோடது, கல்லை எடுத்து வச்ச கை ஆஜா ஹுவாங்குங்கற மனுசனோடது. ராசாவை ஜெயிக்கத் தெரிஞ்சதுக்கு ராசாவைத் தூக்கி வைக்க ஒரு ஆளு வேணுமாப்பா?

நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். காயை நகத்த ஒரு கை செய்யறது பெரிய வித்தையா மாமான்னு கேப்பே. ஒரே பலகை, ஒரே காயி, ஒரே வெளிச்சம்னா வித்தையில்லே, ஒத்துக்கறேன். பலகையைக் கொஞ்சம் தள்ளி வையி, காயில எண்ணெய் தடவு, நடுவுல ஒரு துணியைப் போடு, அப்பறம் சொல்லு. பக்கத்து ஊட்டுப் பொடியன் எண்ணெய்க் காயையும் எடுப்பான், துணியையும் ஒதுக்குவான், நாம பாக்காத நேரத்துல ஒரு காயை டவுசர் பையிலயும் போட்டுக்குவான். அத்தனையும் கைவித்தைதானே?

இதை நான் புதுசாக் கண்டுபுடிக்கலே. ஹான்ஸ் மொராவெக்குங்கற ரோபோ பண்டிதரு 1988-லயே புஸ்தகத்துல எழுதி வச்சுட்டாரு. பெரியவங்க மண்டையைக் கசக்கிப் போடற புத்திக் கணக்கும் பலகை ஆட்டமும் மிசினுக்கு லேசா வந்துருமாம். ஒரு வயசுக் கொழந்தை பாத்து, புடிச்சு, தத்தித் தத்தி நடக்குதே, அதுதான் வராதாம். காரணமும் சொன்னாரு. மனுசன் கணக்குப் போட ஆரம்பிச்சது நேத்து. பாக்கறதும் தொடறதும் நகர்றதும் உயிருங்க கோடிக்கணக்கான வருசமாப் பழகிப் பழகி உள்ளெ புதைஞ்சு போன வித்தை. சுலபமா வர்றதாலேயே அது வித்தைன்னு நமக்குத் தெரியறதில்லே.

எங்க ஊர்லயும் இதே தப்புக் கணக்குத்தான். கணக்கெழுதறவரு புத்திசாலி, நாற்காலி போட்டு உக்கார வைப்போம். துண்டு மடிக்கிற பொம்பளை கூலிக்காரி, கீழ உக்காருன்னு சொல்லுவோம். இப்ப மிசினு வந்து கணக்கெழுதறவரோட நாற்காலியை மொதல்ல புடுங்குது. துண்டு மடிக்கிறவ பக்கத்துல மட்டும் போகத் தெரியாம முழிக்குது. சிரிக்காம எப்படி இருக்கறது?

துண்டுன்னதும் ஞாபகம் வருது. 2010-ல கலிபோர்னியாவுல, பெர்க்லி பல்கலைக்கழகத்துல, பீட்டர் அபீல் கூட்டத்தாரு பிஆர்2-ங்கற ரோபோவை உட்டுத் துண்டு மடிக்க வச்சாங்க. முன்னெப்பவும் பாக்காத துண்டை ஒவ்வொண்ணா எடுத்து, மூலையைத் தேடிப் புடிச்சு, அம்பது தடவையும் தப்பில்லாம மடிச்சு அடுக்கிருச்சு. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனைதான், நான் கொறை சொல்லலே. ஒரு துண்டுக்கு எத்தனை நேரம்னு மட்டும் கேட்டேன். ஏறக்குறைய 25 நிமிசம்னாங்க. வீடியோவை அம்பது மடங்கு வேகமா ஓட்டித்தான் காட்டுனாங்களாம்.

இதைக் கேட்டுப்போட்டு உங்கத்தை அடுப்படியிலருந்து எட்டிப் பாத்தா. "அத்தனை நேரத்துல நான் ஒரு கூடைத் துணியை மடிச்சு, எதுத்த ஊட்டுப் பழமையையும் பேசி முடிச்சிருப்பேன். உங்க ரோபோவுக்குப் பழமை பேசவாச்சும் தெரியுமா?"ன்னா. இப்ப தெரியும்டீ, பழமை பேசறது மட்டும் நல்லாத் தெரியும்னேன். அப்ப பொழைச்சுக்கும்னுட்டு உள்ளெ போயிட்டா.

துணியில அப்படி என்ன கஷ்டம்? இரும்பை வச்சா வச்ச எடத்துல, வச்ச உருவத்துல கெடக்கும். அதனாலதான் காரு கம்பெனியில வெல்டிங் அடிக்கிற ரோபோ கண்ணை மூடிக்கிட்டு வேலை செய்யுது. துணி அப்படியா? தொட்டா ஒரு உருவம், தூக்குனா ஒரு உருவம், கீழ போட்டா வேற ஒண்ணு. மேல் துணியை இழுத்தா அடித்துணியும் கூடவே வருது. ரெண்டு வந்துருச்சா ஒண்ணுதானான்னு விரலை லேசா உரசிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். அந்த உரசலுக்கு உங்ககிட்ட இன்னும் மருந்தில்லே.

மருந்தில்லாததால சியாட்டில்ல ஒருத்தரு என்ன பண்ணாரு தெரியுமா? ஜோனதன் ஜோர்னோன்னு பேரு. 2016-ல ரோபோவை உட்டே ஒரு டீசர்ட்டைத் தைச்சுக் காட்டுனாரு. எப்படின்னா, தண்ணியில கரையற ஒரு சரக்குல துணியை முக்கி எடுத்து, காயப் போட்டு, வெறைப்பாக்கி, அப்பறம் ரோபோகிட்டக் குடுத்தாரு. தைச்சு முடிச்சதும் சுடுதண்ணியில அலசுனா வெறைப்பு போயிரும். அட, கஞ்சி போட்டிருக்காரய்யா! பாவுக்குக் கஞ்சி போட்டுப் போட்டே எங்க காலம் போச்சு, எங்களைக் கேட்டிருந்தா ஒரு சட்டி நல்ல கஞ்சியாவே காச்சிக் குடுத்திருப்போம். கேலி போகட்டும், அதுல ஒரு பாடம் இருக்குது. கைக்குத் துணியைப் புடிக்கத் தெரியலேன்னதும், அவரு கையைத் திருத்தலே, துணியைத் திருத்திப்போட்டாரு. திருப்பூருல ஒவ்வொரு தையல் மிசினுக்கு முன்னாலயும் இன்னைக்கும் ஒரு ஆளு உக்காந்திருக்கறதுக்கு இதுதான் காரணம். ஊசி ஓட்ட மோட்டார் வந்து எத்தனையோ காலமாச்சு. துணியைத் தள்ளிக் குடுக்கற விரலுக்குத்தான் மாத்து வரலே.

பஞ்சுல சிக்குன பணக்காரர் கதை தெரியுமா? டெஸ்லா காரு கம்பெனியில பேட்டரிப் பெட்டி மேல பஞ்சாட்டம் மெத்துன்னு கண்ணாடி நார் விரிப்பு ஒண்ணு ஒட்டணும். அதுக்கு ரோபோ வச்சாங்க. ரோபோவுக்கு அந்த மெத்தையைச் சரியா எடுக்கவே வரலே, வேலை நின்னு நின்னு போச்சு. ரோபோவைத் திருத்தித் திருத்திப் பாத்தாங்க. கடைசியிலதான் ஒரு புண்ணியவானுக்கு, ஆமா இந்த விரிப்பு எதுக்குன்னு கேக்கத் தோணிருக்குது. பேட்டரிக்காரங்க, சத்தம் கொறையறதுக்குன்னாங்க. சத்தத்தைக் கவனிக்கிறவங்க, பேட்டரி நெருப்புப் புடிக்காம இருக்கறதுக்குன்னாங்க. விரிப்போட ஒண்ணு, இல்லாம ஒண்ணுன்னு ஓட்டிப் பாத்தா சத்தத்துல வித்தியாசமே இல்லே. விரிப்பையும் தூக்கி எறிஞ்சாங்க, ரோபோவையும் தூக்கி எறிஞ்சாங்க. 2018 ஏப்ரல்ல எலான் மஸ்க்கே, ஆட்டோமேசனை அளவுக்கு மீறிப் போட்டது என்ற தப்பு, மனுசங்களைக் கொறைச்சு மதிப்புப் போட்டுட்டோம்னு ஊரறிய எழுதிப்போட்டாரு. பணக்காரன் ஒத்துக்கிட்டா அது தத்துவம். இதையே கங்காணி சொல்லியிருந்தா வாயை மூடுன்னிருப்பாங்க.

உனக்கு ஒரு புத்தி: ஒரு வேலைக்கு மிசினுக் கை செய்யறதுக்கு முன்னாடி, அந்த வேலை வேணுமான்னு செய்யறவனைக் கேளு. கேக்கறதுக்குக் காசு கெடையாது.

சரி, விரலுக்கு வருவோம். நான் சொன்னா கெழவன் பொலம்பறான்னுவே. ஸ்வீடன் தேசத்துல உமியோங்கற ஊர்ல ரோலண்ட் யோஹான்சன், ஓகே வால்போன்னு ரெண்டு பேரு 1970-கள்ல நரம்புக்குள்ள ஊசியை உட்டுக் கணக்கெடுத்தாங்க. ஒரு உள்ளங்கையிலயும் அதோட விரலுங்கள்லயும் சேத்து, தொட்டதைச் சொல்ற நரம்பு முனைங்க ஏறக்குறைய 17,000 இருக்குதாம். அதுல நாலு சாதி. லேசா உரசுனாலும் நழுவுனாலும் சொல்றது ஒண்ணு, அழுத்தத்தையும் ஓரத்தையும் சொல்றது ஒண்ணு, நடுக்கத்தைச் சொல்றது ஒண்ணு, தோலு இழுபடறதைச் சொல்றது ஒண்ணு. விரல் நுனியிலதான் நெருக்கம் எச்சு. மூளையிலயும் கைக்குத்தான் பெரிய பங்கு. வைல்டர் பென்ஃபீல்டுன்னு ஒரு வைத்தியரு, மூளையில எந்த உறுப்புக்கு எவ்வளவு எடம்னு பாத்து, அந்த அளவுக்கே ஒரு ஆளை வரைய வச்சுக் காட்டுனாரு. ஒடம்பு சுண்டிப் போயி, கையும் ஒதடும் மட்டும் பூதாகாரமா இருக்கும். நம்ம சாதிசனத்துக்கே அதுதான் நெசமான படம்: வேலை செய்யக் கையும் பழமை பேச வாயும்.

ஒரு டம்ளர் மோரை எடுத்துக் குடிக்கறே. எத்தனை அழுத்திப் புடிக்கணும்னு யாரு சொன்னாங்க? நழுவாம இருக்க எவ்வளவு வேணுமோ, அதுக்கு மேல துளி எச்சா, அவ்வளவுதான் விரல் புடிக்குது. ஈரத்துல லேசா நழுவுச்சுன்னா, ஒரு வினாடியைப் பத்தாப் பங்கு போட்டு அதுல ஒரு பங்கு ஆகறதுக்குள்ள புடி இறுகிருது. அய்யோ நழுவுதேன்னு நீ நெனைக்கறதுக்கு முந்தியே வேலை முடிஞ்சுருது. இதையும் யோஹான்சன் கூட்டந்தான் அளந்து பாத்தாங்க. இன்னொரு கூத்தும் பண்ணாங்க. விரல் நுனியை ஊசி போட்டு மரத்துப் போக வச்சு, தீக்குச்சி உரசச் சொன்னாங்க. கண்ணு நல்லாத் தெரியுது, கையில பலம் அப்படியே இருக்குது, மூளையும் சரியாத்தான் இருக்குது. ஆனா குச்சியை எடுக்கவே தடுமாறி, நழுவ உட்டு, மறுபடி எடுத்து, ஒரு வழியாப் பத்த வைக்கப் பல மடங்கு நேரமாச்சு. உங்க ரோபோக்கள்ல பெரும்பாலானது பொறந்ததுலருந்தே அந்த ஊசி போட்ட கையோடதான் இருக்குது. அதைத் திட்டறது பாவம்.

தறியில இழை அறுந்தா கண்ணு தேடறதுக்கு முன்னால விரல் கண்டுபுடிச்சுரும். பாவு பிணைக்கற பொம்பளைங்களைப் பாத்திருப்பே. பழைய இழைக்கும் புது இழைக்கும் முறுக்குப் போட்டுக்கிட்டே போவாங்க, கண்ணு பூரா பேசறவ மூஞ்சியிலதான் இருக்கும். எத்தனை முறுக்கு வேணும், எங்கெ நிறுத்தணும்னு கேட்டுப் பாரு, பதில் வராது. "கைக்குத் தெரியும் போப்பா"ன்னுதான் சொல்லுவாங்க. உன்ற கம்பெனிக்கு வேணுங்கறது அந்தப் பதிலுக்குள்ள இருக்கற சமாச்சாரந்தான். அதை எந்தக் கம்ப்யூட்டருலயும் யாரும் எழுதி வைக்கலே.

தொடற சமாச்சாரம் சின்னதுன்னு நெனைச்சுக்காதே, நோபல் பரிசே குடுத்திருக்காங்க. 2021-ல வைத்தியத்துக்கான நோபல், டேவிட் ஜூலியசுக்கும் ஆர்டம் பட்டபூட்டியனுக்கும். ஜூலியசு மொளகாயோட காரத்தை வச்சு, சூட்டை ஒடம்பு எப்படி அறியுதுன்னு கண்டுபுடிச்சாரு. காரமும் சூடும் ஒரே கதவைத்தான் தட்டுதாம். உங்கத்தை வைக்கிற கொழம்பைத் தின்னவங்களுக்கு அது முன்னாடியே தெரியும். எழுதி வைக்காததால பரிசு போச்சு. பட்டபூட்டியன் கூட்டம் செல்லை மெல்லிசுக் குழாயால குத்திக் குத்தி, 72 மரபணுவை ஒவ்வொண்ணா அடக்கிப் பாத்து, அழுத்துனா தொறக்கற கதவைக் கண்டுபுடிச்சாங்க. அது 2010-ல. எப்படித் தொட்டறியறோம்னு மனுசனுக்கே நேத்துத்தான் வெளங்க ஆரம்பிச்சிருக்குது. அதுக்குள்ள மிசினுக்குச் சொல்லிக் குடுக்கக் கெளம்பிட்டீங்க. துணிச்சலுக்குக் கொறைச்சலில்லே.

உங்க ஆளுங்க சும்மாவும் இருக்கலே, அதையும் சொல்லிப்போடறேன். எம்ஐடியில எட்வர்டு ஏடல்சன் கூட்டத்தாரு 2009 வாக்குல ஜெல்சைட்டுன்னு ஒண்ணைக் கொண்டாந்தாங்க. மெதுவான ரப்பர் தோலு, அதுக்கு ஒரு பக்கம் உலோகப் பூச்சு, உள்ளார கலர் வெளக்கு, ஒரு சின்னக் கேமரா. பொருளு தோலை அமுக்குனா தோலு குழியுது, அந்தக் குழியைக் கேமரா உள்ளருந்து படம் புடிச்சு மேடு பள்ளத்தைக் கணக்குப் போடுது. டாலர் நோட்டுல மை மேலாப்பல இருக்குதே, அந்த மேட்டைக்கூடச் சொல்லிருமாம். 2014-ல அந்த விரலை மாட்டுன ரோபோ, தொங்கிக்கிட்டிருந்த யூஎஸ்பி வயரைப் புடிச்சு, கையில எப்படி உக்காந்திருக்குதுன்னு தடவிப் பாத்து, ஓட்டையில சொருகிக் காட்டுச்சு. மனுசனுக்கே அது மொதல் தடவையில போறதில்லே, அதனால அந்த ரோபோவுக்கு என்ற கும்புடு.

ஆனா கேலிக்கு எடமில்லாம உடுவனா? தொட்டறியற விரல்னீங்க, பிரிச்சுப் பாத்தா உள்ளயும் கேமராதான். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குன்னு எங்காளுங்க கேப்பாங்க. நீங்க கையையே கண்ணாடியா ஆக்கிப்போட்டீங்க. தப்பில்லே, கெடைச்சதை வச்சுத்தான் பொழைக்கணும். ஒண்ணே ஒண்ணு பாத்துக்கோ. உன்ற ரப்பர் தோலு ஓடி ஓடித் தேஞ்சா கழட்டி மாத்தணும். என்ற தோலு நாடா புடிச்ச எடத்துல காய்ச்சுக் கெட்டியாச்சு, மத்த எடத்துல மெதுவாவே இருக்குது. அந்த வேலைக்கு எவ்வளவு தோலு வேணும்னு தானே அளந்து வளத்துக்குச்சு. அதுக்கும் சேத்து ஒரு பரிச்சை எழுதிப்போட்டு வா.

பயிற்சின்னு ஒண்ணு சொல்லுவியே, அதுக்கு வர்றேன். ஓப்பன்ஏஐ கம்பெனி 2019-ல ஒத்தைக் கையால ரூபிக் கனசதுரத்தைத் திருப்பிச் சேக்கற ரோபோவைக் காட்டுச்சு. லண்டன் ஷேடோ கம்பெனி செஞ்ச கை. நெசக் கைக்குப் பழக்கறதுக்கு முன்னால கம்ப்யூட்டருக்குள்ளயே பொய்க் கையையும் பொய்க் கட்டையையும் வச்சுப் பழக்குனாங்க. அந்தப் பழக்கத்தையெல்லாம் கூட்டிப் பாத்தா ஏறக்குறைய 13,000 வருசம். விரலைக் கட்டி உட்டும், நடுவுல பொம்மை ஒட்டகச்சிவிங்கியை வச்சுத் தட்டி உட்டும்கூடச் சமாளிச்சுதாம், கெட்டிக்காரக் கைதான். ஆனா அத்தனை பழக்கத்துக்கு அப்பறமும் ரொம்பக் கலைச்சு உட்ட கட்டையைப் பத்துல ரெண்டு தடவைதான் முழுசாச் சேத்துச்சு, சுமாராக் கலைச்சதைப் பத்துல ஆறு. எந்தப் பக்கத்தை எப்ப திருப்பணுங்கற புத்தி அதுக்கு மின்னாடியே இருந்த கணக்குத்தான். 13,000 வருசமும் போனது கீழ போடாம திருப்பறதுக்கு. விரல் நுனியில தொட்டும் அது அறியலே. கேமராவும் கட்டைக்குள்ள வச்ச உணரியுந்தான் சேதி சொல்லுச்சு. அப்பறம் அந்த ரோபோப் பிரிவையே மூடிப்போட்டு, பேசற மிசினுப் பக்கம் போயிட்டாங்க. வாய்க்குக் கெடைக்கிற வரும்படி கைக்குக் கெடைக்கறதில்லேன்னு அவங்களுக்கும் தெரிஞ்சு போச்சு.

உருப்படியா ஒண்ணு சொல்லணும்னா, அமேசான்காரங்க 2025 மே மாசம் ஜெர்மனியில டோர்ட்மண்டுல காட்டுன வல்கன் ரோபோவைச் சொல்லலாம். சரக்கு நெருங்கிக் கெடக்கற பொட்டிக்குள்ள கையை உட்டு, எவ்வளவு முட்டுதுன்னு உணர்ந்து, ஒதுக்கி எடம் பண்ணி, சாமானை வைக்குது. அவங்க கிட்டங்கியில இருக்கற சாமானுல ஏறக்குறைய முக்கால்வாசியைக் கையாளுமாம். கால்வாசி வரலேன்னா பக்கத்துல இருக்கற ஆளைக் கூப்புட்டுக்குது. அதுல எனக்குப் புடிச்சது ரெண்டு. ஒண்ணு, ஏணி போட்டு ஏற வேண்டிய மேல் தட்டையும், இடுப்பு ஒடியக் குனிய வேண்டிய அடித்தட்டையும் அதுகிட்டத் தள்ளி உட்டிருக்காங்க. ரெண்டு, தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டு ஆளைக் கூப்புடுது. இந்த ரெண்டாவது குணம் எங்க ஊர் மேனேசர்கள்ல பல பேருக்கு இன்னும் வரலே.

இப்ப நம்மூருக்கு வா. கரூருல துண்டும் போர்வையும் நெய்யறதும் ஏத்துமதி பண்றதும் இன்னைக்கு நேத்து வேலையில்லே. அதே கரூருல இப்ப இன்னொரு துண்டு வேலை நடக்குது. 2025 கடைசியில அமெரிக்கப் பத்திரிகையே எழுதுச்சு. ஒரு கம்பெனியில பையனுங்க நெத்தியில கேமராவைக் கட்டிக்கிட்டு மேசை முன்னால நின்னு துண்டு மடிக்கறாங்க. கூடையிலருந்து எடு, ஒதறு, மடி, மூலையில வையி. சொன்ன வரிசை தப்புனாலும், ஒரு நிமிசத்துக்கு மேல ஆனாலும் மறுபடி மொதல்லருந்து. அந்த வீடியோ அமெரிக்காவுக்குப் போவுது, அங்கெ ரோபோ அதைப் பாத்துப் படிக்குதாம். 2010-ல ரோபோவுக்கு 25 நிமிசம் குடுத்தாங்க, கை தட்டுனாங்க. நம்ம பையனுக்கு ஒரு நிமிசம் தாண்டுனா வீடியோவை அழிச்சுருவாங்க. சீடப்புள்ளைக்குக் கைதட்டு, வாத்தியாருக்குக் கெடுபிடி. எந்தப் பள்ளிக்கூடத்துலடா இந்த மொறை?

அதையும் உடு. அந்த வீடியோவுல என்ன தெரியும்? துண்டு எங்க போகுது, விரல் எங்க மடங்குது, அதுதான் தெரியும். விரல் எவ்வளவு அழுத்துச்சு, மேல் மடிப்பு நழுவறதை எந்த விரல் கண்டுச்சு, ஈரம் பாக்கி இருந்ததை எது சொல்லுச்சு? ஒண்ணும் தெரியாது. கல்யாண வீடியோவைப் பாத்துப்போட்டு விருந்துல உப்புக் கொறைச்சல்னு சொல்ற வேலை இது. நான் சொன்னா கெழவன் பொறாமைன்னுவே. ஊடு கூட்டற ரூம்பா மிசினைக் கொண்டாந்த ஐரோபோட் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ராட்னி புரூக்ஸே 2025 செப்டம்பர்ல நீளமா எழுதிட்டாரு. தொடுற சேதி இல்லாம வெறும் வீடியோவைக் காட்டி மனுச உருவ ரோபோவுக்குக் கைத்தெறம் வர வைக்க முடியாதுன்னு. வாழ்க்கை பூரா ரோபோ செஞ்ச மனுசன் சொல்றாரு. அவருகிட்டப் போயி மல்லுக்கு நில்லு.

எல்லாத்தையும் கேலி பண்ணிப்போட்டு ஒண்ணை மட்டும் பண்ணக் கூடாது. 2013-ல ரோம் நகரத்து ஆஸ்பத்திரியில, பட்டாசு வெடிச்சுக் கையை இழந்த டென்மார்க்குக்காரர் ஒருத்தருக்குச் செயற்கைக் கை பூட்டி, அதோட உணரிங்களைக் கைநரம்போட இணைச்சாங்க. கண்ணைக் கட்டி, காதை அடைச்சு, கையில ஒரு பொருளைக் குடுத்தா, மெதுவா கெட்டியா, உருண்டையா சதுரமான்னு சொன்னாரு. ஒம்போது வருசங் கழிச்சு அவருக்கு இல்லாத கையில உணர்ச்சி வந்துச்சு. அப்பறம் ஆபரேசன் பண்ற ரோபோ. டாவின்சி மிசினு 2000-லருந்து ஆஸ்பத்திரியில இருக்குது. வயித்துக்குள்ள சதையை இழுக்கறப்ப எவ்வளவு இழுக்கறோம்னு டாக்டருக்குக் கண்ணுதான் சொல்லணும், கைக்குச் சேதி வராது. 2024-ல அனுமதி வாங்குன புது மாடல்லதான் அந்த இழுவையைக் கைக்குத் திருப்பிச் சொல்ற வசதி வந்துச்சு. இந்த மாதிரி எடத்துக்கு விரல் செய்யி மாப்ளே, மாமன் உனக்கு மாலை வாங்கிக்கிட்டு வர்றேன். கை இல்லாதவனுக்குக் கை, கை போகாத எடத்துக்குக் கை, சாக்கடைக் குழிக்குள்ள எறங்கற மனுசனுக்குப் பதிலா ஒரு கை. நம்ம நாட்டுல அந்த மூணாவதுதான் மொதல்ல வேணும். ஒண்ணும் நாசூக்கான விரல் தேவையில்லே, மொரட்டுக் கையே போதும்.

இனி கடைசிப் புத்தி. கேலி இல்லே, கணக்கு.

நம்ம தேசத்துல கொறைஞ்சபட்சக் கூலி பட்டியல் போடறப்ப, திறன் உள்ள வேலை, பாதித் திறன் வேலை, திறன் இல்லாத வேலைன்னு பிரிப்பாங்க. மூட்டை கட்டறது, மடிக்கறது, அடுக்கறது, பொறுக்கறது எல்லாம் பெரும்பாலும் கடைசி வரிசையிலதான் கெடக்கும். அந்தக் கடைசி வரிசை வேலையைத்தான் உலகத்துப் பெரிய பல்கலைக்கழகமும் பெரிய பணக்காரனும் சேந்து, 2010-லருந்து பாத்தாலும் பதினஞ்சு வருசமா, கோடி கோடியாக் கொட்டி, மிசினுக்குப் படிச்சுக் குடுத்துக்கிட்டு இருக்காங்க. இன்னும் முடியலே. மேல் வரிசையில இருந்த கணக்கும் எழுத்தும் அதுக்குள்ள மிசினுக்கு வந்துருச்சு. அப்ப பட்டியல் போட்டவருக்குத் தலைகீழாத்தான் தெரிஞ்சிருக்குது.

அதனால உன்ற கம்பெனியில ரெண்டு காரியம் பேசு. நம்ம ஆளுங்க கைவேலையை வீடியோ எடுத்தா, அதுக்கு நாள் கூலி போதாது. அந்தப் பழக்கத்தை வச்சு ரோபோ வித்தா, விக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு பங்கு குடுக்கச் சொல்லு. பாட்டுக்காரனுக்கும் புஸ்தகம் எழுதறவனுக்கும் உரிமைத்தொகை உண்டுன்னா, கைவித்தைக்காரனுக்கு ஏன் இல்லே? ரெண்டாவது, விரல் செய்யற எஞ்சினியருங்களோட மேசையில, பட்டம் வாங்குன எட்டு பேருக்கு நடுவுல, பாவு பிணைக்கற ஒரு அம்மாவையும் சம்பளத்தோட உக்கார வையி. கைக்குத் தெரியும்னு சொல்றதை, எந்த விரலுக்கு, எப்ப, எவ்வளவுன்னு பொறுமையாக் கேட்டு எழுதிக்கோ. உங்க உணரி எங்கெ வைக்கணும்னு அந்தம்மா காட்டுவாங்க.

இதைச் சொன்னா உன்ற மொதலாளி, வேலை கத்துக் குடுக்கறவங்களுக்கு அத்தனை காசா, கட்டுபடியாகாதும்பாரு. அப்ப ஒண்ணு சொல்லு. கத்துக் குடுக்கறவங்களுக்குக் காசு குடுக்க முடியாதவங்க, துண்டைத் தாங்களே மடிச்சுக்கட்டும்.